மறு: துருமாற்றியா, கறளடக்கியா?

அன்பின் நண்பர்களுக்கு,

துருவின் (இங்கே கறள் என்போம்) மேல் பூசுகிற 'ரஸ்ட் கன்வேட்டர்' (rust converter) என்ற திரவத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: துருநீக்கி, துருக்கொல்லி, துருமாற்றி. இந்த வாரம் முழுவதும் கொழும்பு வெள்ளவத்தையில் மச்சானுடைய பாடசாலை வானின் தரைத் தகட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். அந்தத் திரவத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொற்களையும் யோசித்ததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான் பழைய டொல்பின் ஹைஏஸ். இரவில் கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம்தான் நிற்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் தூவானம் கண்ணாடியில் உப்பாகப் படிந்துவிடும். பிள்ளைகள் நனைந்த சப்பாத்துடன் ஏறுவார்கள். றப்பர் விரிப்பின் மேல் ஈரம் காய்ந்துவிடும், கீழே இருக்கிற ஃபெல்ட் காயவே காயாது. உப்புத் தண்ணீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும். அதனால் இரும்பு அரிக்கப்படும் வேகமும் கூடும். ஆசனங்களைக் கழற்றி விரிப்பைத் தூக்கினால், ஆணித் துளைகளைச் சுற்றியும் தள்ளு கதவின் படியிலும் தகடு அப்பளம்போல உதிர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே தரையை ஒரு கராஜில் செய்து கொடுத்திருந்தார்கள். உதிர்கிற கறள் பொருக்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே 'கறள் மருந்து' பூசி, தார் அடித்து மூடியிருக்கிறார்கள். தாருக்கு அடியில் தண்ணீர் நின்று தன் வேலையைச் செய்திருக்கிறது. எனக்கு உறைத்தது அந்த 'மருந்து' என்ற சொல்தான். மருந்து பூசியாயிற்று என்றதும் மச்சான் நோய் தீர்ந்தது என்று நம்பிவிட்டார். பதினான்கு பிள்ளைகள் காலை வைக்கிற தரை அது. ஒரு பிழையான பெயர் இவ்வளவு செய்யும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

இந்த முறை வந்த டிங்கரிங் பாஸ் (தகட்டு வேலைக்காரரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) சின்னச் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிப் பார்த்தார். நல்ல தகடு 'டங்' என்றது, உள்ளே போன இடம் 'டொக்' என்றது. டொக் என்ற இடத்தில் எந்தத் திரவமும் உதவாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கெல்லாம் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தார். பற்றரி வயரைக் கழற்றி, கீழே போகிற பிரேக் குழாயையும் டீசல் குழாயையும் ஒதுக்கிக் கட்டினார். 1.2 மில்லிமீற்றர் தகட்டில் பச் (ஒட்டுத் துண்டு) வெட்டி, ஒரே ஓட்டமாக ஒட்டாமல், இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வெல்டிங் வைத்தார். ஒரே இடத்தில் சூடேறினால் தகடு நெளிந்துவிடுமாம். பச் வெட்டியது நாகம் பூசிய தகடு என்பதால் ஓரத்துப் பூச்சை முதலில் அரைத்து நீக்கினார். நாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் வரும் என்பது அவர் பட்டறிந்தது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே பாடநூலில் துத்தநாகம் 'நாகம்'தான்.)

மிச்சம் இருந்தது டங் என்கிற, ஆனால் மேலே செம்மண் நிறம் பிடித்த பகுதி. திரவத்துக்கு உரிய இடம் அதுதான். வயர் பிரஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்து, உப்புப் போகக் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பூசினோம். பாலைப்போல வெள்ளையாக இருந்த திரவம் கொஞ்ச நேரத்தில் ஊதாவாகி, பிறகு கரிக் கறுப்பாயிற்று.

அந்தக் கறுப்பு நமக்குப் புதியதல்ல. இந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது தனின் என்னும் துவர்ப்புப் பொருள். கடுக்காயில் இருப்பதும் அதே வகைதான். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அந்த வேதியியல்தான் வானின் தரையிலும் நடக்கிறது. இரும்போடு தனின் சேர்ந்து, தண்ணீரில் கரையாத கறுப்பு இரும்புத் தனேற்று உண்டாகிறது. பொசுபோரிக்கமிலம் கலந்தவற்றில் இரும்புப் பொசுபேற்று உண்டாகும். எப்படியானாலும் கறள் அங்கிருந்து போவதில்லை, அந்த இடத்திலேயே வேறொரு சேர்மமாகி இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே பிரைமரும் (அடிப்பூச்சு) பெயின்றும் அடிக்காவிட்டால் ஈரம் புகுந்து பழையபடி தொடங்கிவிடும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். துருநீக்கி பொருந்தாது; எதையும் நீக்கவில்லை. அமிலத்தில் ஊறவைத்துக் கறளைக் கரைத்து எடுக்கிற வேறு திரவம் உண்டு, அந்தச் சொல் அதற்கு வேண்டும். துருக்கொல்லியில் 'மருந்து' என்பதில் இருக்கிற அதே ஆபத்து இருக்கிறது. செத்தது திரும்பி வராது என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

துருமாற்றி வேதியியல்படி சரியான சொல். 'கற்றலிற்றிக் கன்வேட்டருக்கு' வினையூக்கி மாற்றி என்று ஏற்கெனவே இருப்பதால் ஒத்துப்போகும் என்று நம்மில் அண்ணர் ஒருவர் எழுதியதையும் மறுக்கவில்லை. ஆனால் கராஜில் 'மாற்றுவது' என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது. கிளச் பிளேட் மாற்றினேன், பிரேக் சூ மாற்றினேன் என்போம். தரைத் தகட்டுக்குத் துருமாற்றி போட்டேன் என்று ஒருவர் சொன்னால், தகட்டையே மாற்றியதாகத்தான் மச்சானின் காதில் விழும். சொல்லிப் பார்த்தேன், அப்படித்தான் விழுந்தது.

'கட்டி' என்று முடித்துப் பார்த்தேன். சித்தர்கள் இரசத்தைக் கட்டியதுபோல இதுவும் கறளைக் கட்டுகிறது என்று மனத்துக்குப் பிடித்திருந்தது. ஆனால் கறள்கட்டி என்றதும் புண்ணும் வீக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. விட்டுவிட்டேன்.

நான் முன்வைப்பது கறளடக்கி. சைலன்சரை ஒலியடக்கி என்கிறோம். அது ஒலியை ஒழிப்பதில்லை, அடக்குகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் ஒலி திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் திரவத்தைப் பற்றி ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவேதான்: உள்ளே கறள் இருக்கிறது, அடங்கி இருக்கிறது, மேல்பூச்சு போனால் எழும்பும். 'கறளடக்கி பூசின இடம்' என்றபோது பாஸின் கையாள் தம்பி விளக்கம் கேட்காமலே பிரைமர் டப்பாவை எடுத்து வந்தார்.

கறள் ஈழத்து வழக்கு, தமிழ்நாட்டில் புரியாது என்பது நியாயமான கவலை. இங்கேயும் பாடநூலில் துருப்பிடித்தல்தான். அங்கே துருவடக்கி என்று வழங்கட்டும். துரு என்பது முற்றியலுகரம், ஆகவே வகர உடம்படுமெய் வந்து இயல்பாகவே சேர்கிறது. இரண்டையும் இணைச்சொற்களாகப் பதிவதில் இடைஞ்சல் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கூடவே ஒரு வேண்டுகோள். தட்டினால் உதிர்கிற நிலைக்குப் பாஸ் 'பொருக்கு' என்றார், மேலோடு நிற்பதை 'செங்கறள்' என்றார். கறளடக்கி செங்கறளுக்கு மட்டும், பொருக்குக்கு இல்லை என்று ஒரே வரியில் எழுத இந்த இரண்டும் இருந்தால் போதும். இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு விக்சனரி இணைய அகராதியில் இடுகிறேன். நாளை எபொக்சி பிரைமர் அடிக்க இருக்கிறோம், மழை விட்டால்.