கேட் கேபிளைச் செருகினால் மஞ்சள் முக்கோணம் (எஃப்டி-857டி, விண்டோஸ் 11)

ஈசூன்வாசி:
வணக்கம். அமெச்சூர் ரேடியோ உரிமம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ‘நைன் விக்டர் ஒன்’ என்று சிங்கப்பூர் அழைப்புக்குறியைச் சொல்லும்போதே இன்னும் நாக்கு தடுமாறுகிறது. ஊருக்கே திரும்பிப் போகும் ஒரு அண்ணனிடம் யேசு (Yaesu) நிறுவனத்தின் பழைய எஃப்டி-857டி ரேடியோ வாங்கினேன். பேசுவதற்கு நன்றாகவே இருக்கிறது. எஃப்டி8 (கணினி வழியே சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) போடலாமே என்று இணையத்தில் மலிவாக ஒரு கேட் கேபிள் (CAT, கணினியிலிருந்து ரேடியோவை இயக்குவதற்கு) வாங்கி மடிக்கணினியில் செருகினால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். பெயர் வர வேண்டிய இடத்தில், கேபிளுக்குள் இருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லி, ‘பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. விற்றவரைக் கேட்டால் ‘டிரைவரைத் திரும்பப் போடுங்கள்’ என்பதோடு சரி. இரண்டு தடவை போட்டாயிற்று. வேலைக்காக முன்பு வாங்கிய 9 பின் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதன் முனையை வெட்டிவிட்டு மினி டின் பிளக்கைப் பற்றவைத்துக்கொள்ளலாமா? இல்லை, ரேடியோவில்தான் கோளாறா?

பழையகம்பி:
தம்பி, முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். அந்த 9 பின் அடாப்டர் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறை. அதன் கோடுகளில் பிளஸ் 3 முதல் 15 வோல்ட், மைனஸிலும் அதே அளவு வரும். 857-இன் கேட் சாக்கெட் டிடிஎல், அதாவது பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் மட்டும் ஆடும் முறை. போதாததற்கு ஒன்று, பூஜ்யம் என்பதற்கான வோல்ட்டும் ஒரு முறைக்கு மறுமுறை தலைகீழ். நேரே பற்றவைத்தால் பேசாது என்பதோடு போகாது, உள்ளே இருக்கும் சிப்பும் போய்விடலாம். நடுவில் லெவல் மாற்றும் சர்க்யூட் வேண்டும், யேசுவின் சிடி-62 கேபிளில் இருப்பது அதுதான். கென்வுட் டிஎஸ்-480 மாதிரி முதுகில் 9 பின் சாக்கெட்டோடு வரும் ரேடியோவுக்கு அந்த அடாப்டர் பொருந்தும், உங்களுக்கு இல்லை.

ரேடியோவைச் சந்தேகப்படாதீர்கள். கேபிளின் மறுமுனையை எதிலும் மாட்டாமல் யூஎஸ்பியை மட்டும் செருகிப் பாருங்கள், அப்போதும் முக்கோணம் வரும். அந்த யூஎஸ்பி முனைக்குள் ஒரு சிப் இருக்கிறது, விண்டோஸ் பேசுவது அதனிடம்தான். உங்களுடையது பழைய சிப், அல்லது அதைப் பார்த்துச் செய்த போலி. போலிகள் பெருகிப்போனதால் புது டிரைவர் இந்த வகையையே கண்டு மறுக்கிறது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் ஓடும். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன், விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் அதே கூத்து. எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப் உள்ள, 857-க்கென்றே டிடிஎல்லில் செய்த கேபிளாக வாங்குங்கள். அதிலும் போலி உண்டு. 2014-இல் எஃப்டிடிஐயின் டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கி, பெரிய சண்டையே நடந்தது. விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால் நம்பாதீர்கள்.

பெங்குவின்பிரியன்:
லினக்ஸில் அந்தக் கேபிளே முணுமுணுக்காமல் ஓடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 😀 பயனரை டயல்அவுட் என்ற, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள குழுவில் சேர்க்க மறந்துவிட்டு ‘அனுமதி இல்லை’ என்று வருவதைப் பார்த்து ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன், அது வேறு கதை. கேபிளில் இருப்பது சிஎச்340 என்ற வேறு சிப் என்றால் உபுண்டு 22.04-இல் பிரெயில் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல் அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால்தான் போர்ட் தெரியும்.

ஈசூன்வாசி:
எஃப்டிடிஐ கேபிள் வந்துவிட்டது அண்ணே. முக்கோணம் போச்சு, காம் 5 என்று போர்ட் தெரிகிறது. ஆனால் எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலில் டெஸ்ட் கேட் பட்டனை அழுத்தினால் பச்சைக்குப் பதில் சிவப்பு.

பழையகம்பி:
857-இல் அந்த ஒரே சாக்கெட்தான் கேட், லீனியர் (பவரைக் கூட்டும் பெட்டி), டியூனர் (ஆன்டெனாவை இசைவிக்கும் பெட்டி) மூன்றுக்கும். மெனுவில் கேட்/லின்/டியூன் என்று ஒன்று இருக்கும், முன்பு வைத்திருந்தவர் டியூனர் மாட்டியிருந்தால் அதிலேயே நிற்கும். கேட் என்று மாற்றுங்கள். அப்புறம் கேட் ரேட், அதாவது தகவல் போகும் வேகம், 4800 ஆனாலும் 38400 ஆனாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டாப் பிட் இரண்டு, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இன்னொன்று, இந்தக் கேபிள் அலைவரிசையை மாற்றும், பிடிடி (டிரான்ஸ்மிட் தொடங்கும் கட்டளை) போடும், அவ்வளவுதான். சத்தம் இதில் வராது. அதற்கு 6 பின் டேட்டா சாக்கெட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டுக்குத் தனியே இழுக்க வேண்டும்.

ஈசூன்வாசி:
டியூனரில்தான் நின்றது! மாற்றியதும் பச்சை. சவுண்ட் கார்டும் போட்டாயிற்று, 14.074 மெகாஹெர்ட்ஸில் திரை நிறைய ஆட்கள். ஆனால் 50 வாட்டில் சிக்யூ (யாராவது பேச வருகிறீர்களா என்ற பொது அழைப்பு) விட்டவுடன் யூஎஸ்பி பிரியும் ‘டுடுங்’ சத்தம், காம் 5 காணோம், ரேடியோ மட்டும் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கிறது. பயந்து சப்ளையை அணைத்தேன்.

தேக்காகாரன்:
வீவக அடுக்குமாடி வீடுதானே? ஜன்னலில் ஆன்டெனா கம்பி, அதற்கு ஒரு மீட்டர் தள்ளி மேசை. நம் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஆன்டெனா விடும் ரேடியோ அலை (ஆர்எஃப்) யூஎஸ்பி கம்பி வழியாகத் திரும்பி வந்து சிப்பைக் கலைத்துவிடுகிறது. ‘நிறுத்து’ என்ற கட்டளையும் அதே கேபிளில்தான் போக வேண்டும், கேபிளே செத்தபின் ரேடியோவுக்கு யார் சொல்வது? சிம் லிம் டவரில் (ஸ்குவேரில் இல்லை, டவரில்) கிளிப் மாதிரி மூடும் ஃபெரைட் (கம்பியில் ஏறும் ஆர்எஃப்பைத் தடுக்கும் காந்தப்பொருள்) வாங்கி, யூஎஸ்பி கேபிளை அதற்குள் நான்கைந்து சுற்றுச் சுற்றி, கணினிப் பக்கம் ஒன்று, ரேடியோப் பக்கம் ஒன்று மாட்டுங்கள். ஒரு சுற்று போதாது. ஆன்டெனா கேபிளிலும் அதே மாதிரி தடுக்க ஒரு சோக் போடுங்கள். அதுவரை 20 வாட் போதும், எஃப்டி8-க்கு அதுவே தாராளம்.

ஈசூன்வாசி:
ஃபெரைட் மூன்று வாங்கினேன். 20 வாட்டில் போர்ட் அசையவில்லை, நேற்று இரவு இந்தோனேசியா ஒன்று, ஜப்பான் இரண்டு. 9 பின் அடாப்டர் வெட்டுப்படாமல் இழுப்பறைக்கே திரும்பிவிட்டது. டிஎஸ்-480 யாராவது விற்கிறீர்களா?