பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஃபைல் ஏறவில்லை. அவசரம்!

நூலகப்பொறுப்பு:
வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. நூலகமும் என் தலையில்தான். பிள்ளைகள் நெட் இல்லாமலே விக்கிபீடியா பார்க்கட்டும் என்று இரண்டு ராத்திரி கண் விழித்து வீட்டில் டவுன்லோட் செய்தேன். பென்டிரைவில் போட்டால் ஃபைல் பெரிது என்கிறது. பாதிக்கு மேல் காலி! நாளைக் காலை எச்.எம். பார்க்க வருகிறார். யாராவது உடனே சொல்லுங்கள்.

காசிமேடு கணினி:
எந்த ஃபைல்? எத்தனை ஜிபி? பென்டிரைவ் எத்தனை ஜிபி? விண்டோஸா, லினக்ஸா?

ரிப்பேர்கடை:
டூப்ளிகேட் பென்டிரைவ். பிளாட்பாரத்தில் வாங்கினீர்களா? மேலே 32 என்று அச்சடித்திருப்பான், உள்ளே 4தான் இருக்கும். என் கடைக்கு வராத மாதம் இல்லை. தூக்கிப் போடுங்கள்.

காசிமேடு கணினி:
அண்ணே, டூப்ளிகேட் என்றால் காப்பி ஆவது போல ஆகிவிட்டு, திறக்கும்போதுதான் கழுத்தை அறுக்கும். இது ஆரம்பத்திலேயே மறுக்கிறது.

மணலி_77:
வைரஸ். ஸ்கேன் போடுங்கள்.

பழையசுவடி:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்க நூலகருக்கே பொறுமை இல்லையென்றால் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் இருக்கும், ஃபைல்களை அடுக்கி வைக்கிற பழைய முறை அது. அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் தனி ஃபைல் ஒன்று 4 ஜிபியை எட்ட முடியாது. அது கிடக்கட்டும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதை விட்டுவிட்டு, போகிற வருகிறவர் எல்லாம் கை வைக்கிற ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் எதற்கு வைக்க வேண்டும்?

கொருக்குப்பேட்டை அக்கா:
ஐயா, அதன் முதல் தொகுதி 1954, கடைசித் தொகுதி 1968. இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியதே 1969இல். நிலவில் மனிதன் இறங்கியதும் அதே வருடம். எட்டாவது படிக்கிற பிள்ளை கையில் அதை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

பழையசுவடி:
அம்மா, சிலப்பதிகாரமும் நிலவுப் பயணத்துக்கு முந்தியதுதான். இவர் வைக்கப்போகிற விக்கிபீடியா மட்டும் என்ன, என்றோ ஒருநாள் எடுத்த பிரதி. ஃபைல் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும், பாருங்கள். ஐந்து வருடம் மாற்றாமல் விட்டால் அதுவும் பழைய புத்தகம்தான். தூசி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

கொருக்குப்பேட்டை அக்கா:
தூசி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைக்களஞ்சியம் ஸ்கேன் படமாகத்தான் இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டித் தேட முடியாது, பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். நாற்பது நிமிட பீரியடில் அதற்கு எங்கே நேரம்?

பழையசுவடி:
அகரவரிசை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் அதை வைத்துத்தான் தேடினோம்.

நூலகப்பொறுப்பு:
மன்னிக்கவும், வகுப்பு இருந்தது. 32 ஜிபி பென்டிரைவ், விண்டோஸ் 10. ஃபைல் 7 ஜிபி சொச்சம். ஆங்கில விக்கிபீடியாவில் முக்கியமான கட்டுரைகளை மட்டும் எடுத்தது, நெட் இல்லாமல் விக்கிபீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருளில் திறப்பது.

ரிப்பேர்கடை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரைட் கிளிக், பார்மட், எக்ஸ்ஃபேட். அந்த முறையில் 4 ஜிபி தடை இல்லை. இரண்டு நிமிட வேலை.

காசிமேடு கணினி:
பொறுங்கள்! பார்மட் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். விண்டோஸில் கன்வர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றித் தரும், அதிலும் 4 ஜிபி தடை இல்லை. எதற்கும் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டாம். ஒன்றில் வைத்து கிவிக்ஸில் லோக்கல் சர்வரை (மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பக்கங்களை அனுப்புகிற வசதி) ஓடவிட்டால் போதும், அதே நெட்வொர்க்கில் இருக்கிற மற்றவற்றில் பிரவுசரிலேயே திறக்கும். ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:
தமிழ் விக்கிபீடியா, தமிழ் விக்சனரி என்கிற அகராதி இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் உண்டு. அவற்றையும் போடுங்கள். போன மாதம் ஒரு பெண் என்னிடம் கொசஸ்தலை ஆறு எங்கே கடலில் சேருகிறது என்று கேட்டாள். அவள் வீடே எண்ணூர்! உலகத்துக்குப் பொதுவாக எடுத்த ஆங்கிலத் தொகுப்பில் நம் பக்கத்து ஆறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பழையசுவடி:
அந்தப் பெண்ணைக் கழிமுகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கலாம்.

கொருக்குப்பேட்டை அக்கா:
பஸ் காசு நீங்கள் கொடுங்கள்.

நூலகப்பொறுப்பு:
ஏறிவிட்டது, திறக்கிறது. எல்லோருக்கும் நன்றி. பார்மட்தான் போட்டேன், கன்வர்ட் பற்றி இப்போதுதான் பார்க்கிறேன். எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் அதில்தான் இருந்தது. மீட்க வழி உண்டா?

காசிமேடு கணினி:
உண்டு. அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நூலகப்பொறுப்பு:
7 ஜிபி எழுதிவிட்டேனே சார்.