சாசரும் 1381 கிளர்ச்சியும்: ஆய்வேட்டுக்கு வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் கதைகளை அவர் காலத்து வரலாற்றோடு சேர்த்துப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் மேலே நகர முடியாமல் நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

தலைக்குச் சராசரியாக 12 பென்னி என்று விதிக்கப்பட்ட தலைவரியை எதிர்த்து எழுந்த, லண்டனுக்குக் கிழக்கே உள்ள எசெக்ஸ் பகுதி மக்கள், 1381 ஜூனில் ஆல்ட்கேட் வாயில் வழியாகவே லண்டனுக்குள் நுழைந்தார்கள். அந்த வாயிலின் மேலிருந்த வீட்டைத்தான், கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தில் அதிகாரியாக இருந்த சாசர், 1374 முதல் குடியிருப்பாகப் பெற்றிருந்தார். அவருடைய தந்தை மது வணிகம் செய்த விண்ட்ரி பகுதியில் அப்போது, ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்து குடியேறியிருந்த ஃபிளெமிஷ் மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

இத்தனை நெருக்கத்தில் நடந்ததை, ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் கன்னித்துறவியின் பாதிரியார் சொல்லும் கதையில், சேவலைக் கவ்விக்கொண்டு ஓடும் நரியைத் துரத்துவோரின் கூச்சலுக்கு உவமையாக மட்டும் அவர் சொல்கிறார்: ஃபிளெமிஷ்காரரைக் கொல்லும்போது கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான ஜாக் ஸ்ட்ராவின் கூட்டம்கூட இவ்வளவு கத்தவில்லையாம். படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, அடுத்த கணமே மனம் கூசுகிறது. அரசுப் பதவியில் இருந்தவரின் எச்சரிக்கையாகவே இதை நான் கருதுகிறேன். ஆனால் அதை எப்படி நிறுவுவது?

கிளர்ச்சியாளர்களை வெறுத்த வால்சிங்கம் போன்ற துறவிகளின் லத்தீன் வரலாறுகளை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? அவற்றின் நம்பகமான ஆங்கில மொழிபெயர்ப்புகளையும், இடைக்கால ஆங்கிலத்தை மூலத்திலேயே வாசிக்கப் பழகும் முறையையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.