ஆஸ்ட்ரோ பாய் ஒமேகா ஃபேக்டர்: முதல் பகுதி முடிந்தபின் எப்படித் தொடர்வது?

கேள்வி: கடல்மணல்

வணக்கம். கேம் பாய் அட்வான்ஸில் வெளிவந்த 'ஆஸ்ட்ரோ பாய்: ஒமேகா ஃபேக்டர்' விளையாட்டைப் பத்து நாள்களாக ஆடி வருகிறேன். என்னுடையது திரையில் விளக்கு இல்லாத பழைய கருவி என்பதால், இரவில் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டியிருக்கிறது. நேற்று முதல் பகுதியின் கடைசிக் கட்டத்தை எட்டினேன். டெத் மாஸ்க் என்ற எதிரி ரோபோக்களையெல்லாம் அழித்துவிட்டது, கதாநாயகனான ரோபோ சிறுவன் ஆஸ்ட்ரோவும் வீழ்ந்தான். பிறகு நெருப்புப் பறவை வந்து அவனுக்கு உயிர் கொடுத்தது. அடுத்து, கட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஏற்கெனவே கடந்த அதே இடங்கள்தாம்.

மூன்று ஐயங்கள். இதை மீண்டும் முதலிலிருந்து ஆட வேண்டுமா? இதுவரை கிடைத்த புள்ளிகளில் பெரும்பகுதியைக் குத்துக்கே கொடுத்துவிட்டேன்; அது தவறா? கதாபாத்திரங்களின் பட்டியலில் இன்னும் நிரம்பாத இடங்கள் பல இருக்கின்றன. அவர்களை எங்கே தேடுவது?

பதில் 1: பனையோலை

வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரும்பாலான அதிரடி விளையாட்டுகளில் எதிரிகளை வீழ்த்த வீழ்த்த நம் வலிமை கூடும். இந்த விளையாட்டில் எத்தனை ரோபோக்களை அடித்து நொறுக்கினாலும் ஆஸ்ட்ரோ ஒரு படி கூட உயர்வதில்லை. ஒருவரைச் சந்தித்து, அவர் யார், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அவன் புரிந்துகொள்ளும்போதுதான் ஒரு புள்ளி கிடைக்கிறது. அந்தப் புள்ளியை உயிர், குத்து, லேசர், ஜெட், துப்பாக்கி, உணர்திறன் ஆகியவற்றுள் எதற்கு வேண்டுமானாலும் நாம் கொடுக்கலாம். ஒமேகா ஃபேக்டர் என்பது ஆஸ்ட்ரோவை உருவாக்கிய டாக்டர் டென்மா அவனுக்குள் வைத்த, மனிதரைப் போல உணர வைக்கும் ஆற்றல் என்பதைக் கதையில் பார்த்திருப்பீர்கள். கதையில் சொன்ன அதையே விளையாட்டின் விதியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அனிமேயை (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களை) வைத்துச் செய்த கையடக்க விளையாட்டுகளில் மூலக்கதையின் உயிரை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறொன்றை நான் ஆடியதில்லை.

அந்தப் பட்டியலில் ஆஸ்ட்ரோ பாய் கதைக்கே தொடர்பில்லாத முகங்கள் ஏன் வருகின்றன என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆஸ்ட்ரோ பாயைப் படைத்த ஒசாமு டெசுக்கா தம் கதாபாத்திரங்களை ஒரு நாடகக் குழுவின் நடிகர்களைப் போலவே நடத்தினார். ஒரே முகம் ஒரு கதையில் துப்பறிவாளராக வரும், இன்னொன்றில் பள்ளி ஆசிரியராக வரும். மீசைக்காரர் பான் ஷுன்சாக்குவை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் பிளாக் ஜாக், மூன்று கண் கொண்ட ஷராக்கு, நெருப்புப் பறவை ஆகிய எல்லோருமே டெசுக்காவின் வேறு மாங்காக்களிலிருந்து (ஜப்பானியப் படக்கதைகளிலிருந்து) வந்தவர்கள். டெசுக்கா 1989இல் மறைந்தார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்த விளையாட்டு, அந்தக் குழுவை மறுபடியும் ஒரே மேடையில் ஏற்றியது. 2003 என்ற ஆண்டும் தற்செயலானதன்று. மாங்காவில் அட்டோம் (ஆஸ்ட்ரோவின் ஜப்பானியப் பெயர்) பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அதை ஒட்டித்தான் ஃபுஜி தொலைக்காட்சியில் ஏப்ரல் 6 அன்று புதிய அனிமே தொடங்கியது; அந்தத் தொடரைத் தழுவியதுதான் இந்த விளையாட்டு.

இனி உங்கள் ஐயங்கள். முதலிலிருந்து வரிசையாக ஆட வேண்டியதில்லை. நெருப்புப் பறவை ஆஸ்ட்ரோவுக்குக் கொடுத்தது காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் ஆற்றல். நடந்துவிட்டதை மாற்றுவதுதான் இரண்டாம் பகுதி. ஓரிடத்தில் தெரிந்துகொண்ட செய்தியோடு இன்னொரு கட்டத்துக்குத் திரும்பினால், முன்பு நடக்காத உரையாடல் அங்கே நடக்கும். ஆகவே, முதல் முறை அவசரத்தில் பொத்தானை அழுத்திக் கடந்த உரையாடல்களை இப்போது நிறுத்திப் படியுங்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

குத்துக்குக் கொடுத்த புள்ளிகள் வீணாகவில்லை. ஆனாலும் இனி வருபவற்றை ஜெட்டுக்கும் உணர்திறனுக்கும் கொடுங்கள். ஜெட் உயர்ந்தால் தரையில் கால் வைக்காமல் வானத்திலேயே திசை மாற்றிப் பாயலாம். குதித்து எட்டாத மூலைகளுக்கும் போகலாம். உணர்திறன், மறைந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க உதவும். மூலக்கதையில் அட்டோமுக்குள்ள ஏழு ஆற்றல்களில் ஒன்று, எதிரே நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்று அறிவது. உணர்திறனுக்குப் புள்ளி கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பதில் 2: மின்மினி

பனையோலை ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் சண்டையைப் பற்றி அவர் பேசவில்லை. அதைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இதை ஹிட்மேக்கருடன் சேர்ந்து உருவாக்கியது டிரெஷர் நிறுவனம். 1993இல் மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியில் 'கன்ஸ்டார் ஹீரோஸ்' தந்தவர்கள் அவர்கள். அந்தக் கைவண்ணம் இதில் ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. எதிரிகள் வரிசையாக வரும்போது முதலில் நிற்பவனை உதைத்துப் பாருங்கள். அவன் பறந்து போய்ப் பின்னால் நிற்பவர்கள் மேல் மோதி எல்லோரையும் சேர்த்துச் சாய்ப்பான். மேல்நோக்கிக் குத்தினால் எதிரி மேலே எழுவான். ஜெட்டில் பின்தொடர்ந்து அவனை வானத்திலேயே அடிக்கலாம். குத்தை மட்டும் நம்பி நின்ற இடத்தில் நின்று அடித்தால் பாஸ்களிடம் (பெரிய எதிரிகளிடம்) நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இடுப்பிலிருந்து வெளிப்படும் இயந்திரத் துப்பாக்கி திரை முழுவதையும் துளைக்கும். அதைச் சிறிய எதிரிகளிடம் செலவழிக்காமல், நான்கு பக்கமும் சூழப்பட்ட நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. திரையில் எதிரிகள் கூடும்போது விளையாட்டு கண்கூடாகவே மெதுவாகிறது. கருவியின் திறனுக்கு மேல் அவர்கள் ஆசைப்பட்டதன் விலை அது. இரண்டாம் பகுதியில் ஒரே கட்டத்தைப் பலமுறை கடக்க வேண்டியிருப்பதும் சிலருக்குச் சலிப்பூட்டும். எனக்கும் நடுவில் ஒரு வாரம் சலித்து, கருவியை ஓரமாக வைத்திருந்தேன். கதை எப்படி முடியும் என்ற தவிப்புதான் மறுபடியும் கையில் எடுக்க வைத்தது. பறந்து சுடும் கட்டங்கள் சுமார்தான். ஆனால் அவை நீளமில்லை.

பதில் 3: வடக்குவாசல்

இதே கருவிக்கு 2004இல் டிம்ப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'டிராகன் பால்: அட்வான்ஸ்டு அட்வெஞ்சர்' விளையாட்டையும் இதை முடித்தபின் ஆடிப் பாருங்கள். நாயகன் கோக்கு சிறுவனாகப் புல்மா என்ற பெண்ணைச் சந்திப்பதிலிருந்து பிக்கோலோ டைமாவோவுடன் மோதுவது வரை உள்ள கதை அது. கோக்கு தன் தடியைச் சுழற்றும் வேகத்துக்காகவே எத்தனை முறையும் ஆடலாம். முடித்த பிறகு கோக்குவின் நண்பன் கிரில்லினாகவும் ஆடலாம் என்பதால் அதிலும் பழைய கட்டங்களுக்குத் திரும்பக் காரணம் உண்டு. ஆயினும், அங்கே திரும்புவது மறைந்த பொருள்களுக்காக. இங்கே திரும்புவது மனிதர்களுக்காகவும் ரோபோக்களுக்காகவும். இரண்டையும் ஆடியவன் என்ற முறையில், எது என் மனத்தில் தங்கியது என்று கேட்டால் ஆஸ்ட்ரோதான் என்பேன்.

கேட்டவர்: கடல்மணல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பனையோலை ஐயா சொன்னபடியே, தொடக்கக் கட்டத்துக்குத் திரும்பி ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்தேன். விபத்தில் இறந்த மகன் டோபியோவின் உருவத்தில்தான் டென்மா இந்த ரோபோவைச் செய்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, முதல் முறை வெறும் வில்லனாகத் தெரிந்தவரின் பேச்சு வேறு விதமாகக் கேட்டது. இரண்டு புள்ளிகள் கிடைத்தன. இரண்டையும் ஜெட்டுக்கே கொடுத்துவிட்டேன். இப்போது தடுமாறாமல் வானத்திலேயே திரும்ப முடிகிறது. மின்மினி சொன்ன உதையையும் முயன்றேன். ஒரே உதையில் நான்கு ரோபோக்கள் சாய்ந்தன.

இன்னும் ஷராக்குவிடம் போகவில்லை. இன்றிரவு அங்கேதான்.