புதுப்பிப்பு: நினைவூட்டல் செயலி ஒருவழியாக ஓடுகிறது

எங்கள் கிளினிக்கின் நோயாளர் பதிவு மென்பொருளோடு வெளி நிறுவனத்தின் அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல் செயலியை இணைத்தால், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு 401 பிழையோடு (அனுமதி செல்லாது என்று சர்வர் மறுப்பது) நின்றுவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன்.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண். அணுகல் டோக்கனின், அதாவது பதிவுகளைப் பார்க்கச் செயலிக்குத் தரப்படும் தற்காலிக டிஜிட்டல் சீட்டின், ஆயுளே ஒரு மணி நேரம்தான். 'ஆஃப்லைன் ஆக்சஸ்' (பயனர் இல்லாதபோதும் அணுகுவது) அனுமதியைக் கேட்காததால், புது அணுகல் டோக்கன் வாங்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கன் வரவே இல்லை. கேட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. ஒரு நினைவூட்டல் நோயாளியின் பழைய ஃபோன் எண்ணுக்குப் போய், யாரோ ஒருவர் "நான் எந்த டாக்டரிடமும் நேரம் வாங்கவில்லையே" என்று பதில் அனுப்பினார். மருத்துவப் பதிவுகளைப் பரிமாறுவதற்கான ஃபயர் (FHIR) தரத்தில் ஒருவருக்குப் பல எண்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 'யூஸ்' (வீடு, வேலை, பழையது போன்ற வகை) என்ற புலமும் காலவரம்பும் உண்டு. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் எண்ணை எடுத்திருந்தோம். இப்போது 'ஓல்டு' என்று குறித்தவற்றையும் காலம் முடிந்தவற்றையும் ஒதுக்கிவிடுகிறோம். செய்தியில் மருத்துவப் பிரிவின் பெயரையும் நீக்கிவிட்டோம், நேரம் மட்டும்தான்.

செயலிக்காரர்கள் பதிவில் எழுதவும் அனுமதி கேட்டார்கள். நினைவூட்ட அது எதற்கு? படிக்க மட்டும் கொடுத்தோம்.

ரத்தான அப்பாயின்ட்மென்ட்டுக்கும் செய்தி போவது இன்னும் பாக்கி. 'ஸ்டேட்டஸ்' புலத்தை வைத்து வடிகட்டிப் பார்க்கப் போகிறேன்.