ஈரான் ஜனாதிபதிக்குக் கொழும்பில் வரவேற்பு: கொண்டாடலாமா?

மருதானை வாசகன்:
நேற்று, 2024 ஏப்ரல் 24, ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து, ஈரான் நிறுவனம் கட்டிய உமா ஓயா நீர்மின் திட்டத்தைத் திறந்துவைத்தார். 120 மெகாவாட் மின்சாரம். 2008-ல் அஹ்மதிநெஜாத் வந்த பிறகு ஒரு ஈரான் ஜனாதிபதி இங்கே வருவது இதுதான் முதல் தடவை. ஈரான்மீது விதித்த பொருளாதாரத் தடைகளால் அவர்களின் கடனுதவி நடுவில் நின்றுபோய், மிச்சக் காசை எங்கள் திறைசேரி போட்டது. ஆனாலும் அவர்களுடைய பொறியியலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போகவில்லை. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய விருந்தாளி.

உறவும் இன்று நேற்றையது இல்லை. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு நம்ம கொழும்பு நூதனசாலையில்தான் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டுத் தேதியோடு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குக் காணிக்கை. தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பண்டாரவளைப் பொண்ணு:
நானா, வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடுற சனம்தான் நாங்களும். ஆனா உங்க பதிவுல நாங்க கொடுத்த விலையைப் பத்தி ஒரு வரி இல்லையே. 2014 கடைசியில, இந்தத் திட்டத்துக்குத் தோண்டின சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்ட பிறகு எங்க பண்டாரவளைப் பக்கம் கிணறு ஒவ்வொண்ணா வத்திப்போச்சு. சுவரெல்லாம் வெடிச்சுது. வாசப்படியில தொடங்கி கூரை வரைக்கும் ஏறின வெடிப்பு, விரல் வச்சா உள்ள போகும். தண்ணி பவுசர் வர்ற நேரம் தெரியாம, வாளிய வரிசையில வச்சுட்டு வேலைக்கும் போகாம உக்காந்திருந்தவங்கள நான் பாத்திருக்கேன். 2017-ல அவ்வளவு சனமும் ரோட்டுக்கு இறங்கினது சும்மாவா?

மருதானை வாசகன்:
அந்த வேதனையை நான் மறுக்கவே இல்லை, தங்கச்சி. ஆனால் அந்தப் பாதையில் சுரங்கம் தோண்ட அனுமதி கொடுத்தது எங்கள் அரசாங்கம். கேள்வி கேட்க வேண்டிய இடம் கொழும்பு, தெஹ்ரான் இல்லை.

வெள்ளவத்தை ரீச்சர்:
எனக்கு வேற பிரச்சினை. 2022-ல ஈரானில மஹ்சா அமினி எண்ட 22 வயசுப் பிள்ளை தலைமுக்காடு சரியில்லை எண்டு பிடிபட்டு, பொலிஸ் காவலில இருக்கேக்க செத்தது. நியாயம் கேட்டு வந்த பெண்களை அடக்கின நேரம் ஜனாதிபதியா இருந்தவர் இவர். காணாமல் போன பிள்ளைகளின்ர படத்தோட வருஷக்கணக்கா ரோட்டில இருக்கிற தாய்மார் எங்கட இனத்திலயே இருக்கினம். அதைக் கண்டுகொண்டு என்னால கொடி ஆட்ட ஏலாது.

ஏலக்காரன் (தேயிலை):
ரீச்சர், மனசு விளங்குது. ஆனா நாடு நாட்டோட உறவு வைக்கிறது ஆளைப் பார்த்து இல்லை. தடைகளுக்கு முந்தி வாங்கின எண்ணெய்க்கு நாங்கள் குடுக்க வேண்டி இருந்தது 251 மில்லியன் டொலர். மாசம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலையாத் தரலாம் எண்டு 2021 டிசம்பரில ஒப்பந்தம். எண்ணெயை வாங்கின எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தேயிலைச் சபைக்கு ரூபாயில குடுக்கும், சபை ஏற்றுமதியாளருக்குக் குடுக்கும். டொலர் ஒண்டும் வெளியில போகாது. டொலர் இல்லாம 2022-ல பெற்றோல் வரிசையில படுத்தெழும்பின ஆக்களுக்கு இதின்ர அருமை தெரியும்.

பண்டாரவளைப் பொண்ணு:
அந்தக் கொழுந்தைப் பறிக்கிற கைக்கு இந்த 2024 ஏப்ரல்லயும் நாட்சம்பளம் 1,000 ரூபாதான், அண்ணே. 1,700 கேட்டு எத்தனை நாளாச்சு.

ஏலக்காரன் (தேயிலை):
ஈரானுக்குப் போறது கூடுதலாத் தாழ்நிலத் தேயிலை தங்கச்சி. காலி, மாத்தறை, இரத்தினபுரிச் சிறுதோட்டக்காரரின்ர கொழுந்து.

பண்டாரவளைப் பொண்ணு:
இரத்தினபுரித் தோட்டத்துலயும் எங்க சனம் லயத்துலதான் கெடக்கு. சரி, விருந்தாளிக்கு மாலை போடுங்க, நான் தடுக்கல. உமா ஓயா மின்சாரத்துல வர்ற வருமானத்துல கிணறு வத்தின குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கணும்னு மனு எழுதுறேன். கையெழுத்துப் போடுவீங்களா?

மருதானை வாசகன்:
முதல் கையெழுத்து என்னுடையது. வரவேற்பே பிழை என்று மட்டும் அதில் எழுத வேண்டாம்.

வெள்ளவத்தை ரீச்சர்:
நானும் போடுறன். என்ர கருத்தில மாற்றமில்லை.

ஏலக்காரன் (தேயிலை):
மின்சார வருமானத்தில கை வைச்சா கட்டணம் எங்கட தலையிலதான் ஏறும். நட்டஈட்டைத் திறைசேரியிட்டக் கேக்கோணும். அப்பிடி மாத்தி எழுதினா நானும் வாறன்.