திருமலையில் பழகியவன் டோபர்மோரியில் டைவ் பண்ணலாமா?

பண்ணைக்கடல்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம். ஓகஸ்டில் ரொறன்ரோவுக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள டோபர்மோரிக்கு இரண்டு நாள் கூட்டிப்போக அத்தான் ஓம்பட்டிருக்கிறார். அங்கே இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏரிக்கடியில் கிடக்கின்றன, கரைப்பாறை அப்படியே செங்குத்துச் சுவராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. 1884இல் மூழ்கிய அரேபியா என்ற பாய்மரக் கப்பலின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

திருகோணமலையில் எடுத்த ஓபன் வோட்டர் அட்டை, ஆரம்பச் சுழியோடிக்கான சான்று, இருக்கிறது. 14 டைவ், எல்லாம் புறாத்தீவு, நிலாவெளிப் பக்கம்தான், தண்ணீர் 28 டிகிரி, மெல்லிய சூட் ஒன்று போதும். இங்கிருந்து தடித்த வெற்சூட் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் சரிவருமா? குளிர் எனக்குப் பிரச்சினை இல்லை, மார்கழியில் நுவரெலியாவில் பச்சைத்தண்ணீரில் குளித்தவன்.

ஸ்காபரோ சுழியோடி:
தம்பி, நுவரெலியாக் கதையை முதலில் விடும். ஓகஸ்டில் மேல்தண்ணீர் 18 டிகிரியும் இருக்கும், இதற்கா இவ்வளவு கதை என்று சிரித்துக்கொண்டு இறங்குவீர். பிறகு ஓர் இடத்தில் கோடு கிழித்ததுபோல மாறும், அதற்குக் கீழே 4, 5 டிகிரிதான். நல்ல தண்ணீர் 4 டிகிரியில்தான் ஆகப் பாரம் என்பதால் அந்தக் குளிர் கோடையிலும் அடியிலேயே கிடக்கும். நீர் பார்க்க ஆசைப்படும் கப்பலைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதுதான், கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் நல்ல தண்ணீரில் இல்லை.

எனக்கு முதல்தரம் நடந்ததைச் சொல்கிறேன். நல்லூரடியில் ஐஸ்கிறீமை அவசரமாக விழுங்கினால் நெற்றி விறைக்குமே, அது பத்து மடங்கு. உதடு மரத்து, சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேற்றர் வாயில் இருக்கிறதா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். பயத்தில் மூச்சை வேகமாக இழுக்க, சிலிண்டரில் பூட்டும் முதற்கட்டத்தில் ஐஸ் கட்டி ரெகுலேற்றர் திறந்தபடி நின்றுவிட்டது. முகம் முழுக்கக் குமிழி, காற்றுமானி முள் கண்ணுக்கு முன்னாலேயே இறங்குகிறது. அப்படியே விட்டால் சிலிண்டர் சில நிமிடத்தில் காலி. துணைக்கு வந்தவர் தன் இரண்டாவது வாய்க்குழாயைத் தந்து, என் சிலிண்டரை மூடி, மெதுவாக மேலே கொண்டுவந்தார். வாடகைக்கு எடுத்த அந்த ரெகுலேற்றர் சூட்டுக் கடலுக்கானது, நானும் கேட்கவில்லை, தந்தவரும் சொல்லவில்லை.

ஆகவே இங்கிருந்து சூட் காவிக்கொண்டு வரவேண்டாம். அங்கே தண்ணீர் உள்ளே புகாத, காற்று நிரப்பும் டிரைசூட்டும் குளிருக்கான ரெகுலேற்றரும் வாடகைக்கு எடும், ஆனால் டிரைசூட்டை முதலில் ஆழமில்லாத இடத்தில் ஆசிரியரோடு பழகவேண்டும். காற்று காலுக்குள் போனால் தலைகீழாகத் தூக்கிவிடும்.

அரேபியா 33 மீற்றருக்கும் கீழே. உம்முடைய அட்டை 18 மீற்றருக்கானது, இந்தமுறை அதை மறந்துவிடும். ஃபாரஸ்ட் சிற்றியும் அப்படித்தான், அணியம் 18 மீற்றரில் தொடங்கும், சரிவில் போய்ப் பின்பக்கம் 45இல் முடியும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஆளை இழுக்கிற கப்பல் அது. சுவீப்ஸ்ரேக்ஸ் என்று ஒன்று 1885இல் மூழ்கியது, வெறும் 6 மீற்றரில் உடம்பு குலையாமல் இருக்கிறது. அதைப் பாரும். சுவரையும் 15 மீற்றரோடு பக்கவாட்டில் பார்த்துத் திரும்பும், பாறை எங்கேயும் ஓடாது.

குருநகரான்:
நான் 12 வருடம் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடித்தவன். ஒரு நாளில் நாலு ஐந்து தரம் இறங்கி, அவசரத்தில் ஏறி, ஒருநாள் வள்ளத்தில் வைத்தே இடதுகால் இழுத்துக்கொண்டது. முழங்கால் இன்றைக்கும் மழைக்கு முதல் சொல்லும். எங்களுடைய சூட்டுத் தண்ணீரிலேயே இப்படி. குளிரில் இறங்கும்போது உடம்பு சூடாக இருக்கும், மூச்சுக்காற்றின் நைதரசன் உடம்பில் நன்றாக ஏறும். திரும்பும்போது விறைத்து இரத்தக்குழாய் சுருங்கியிருக்கும், ஏறினது லேசில் வெளியே போகாது, உள்ளே குமிழி கட்டினால் என் காலுக்கு வந்ததுதான் வரும். அதனால் ஆழத்தையும் நேரத்தையும் குறை தம்பி. கை நடுங்கத் தொடங்கினால் டைவ் முடிந்தது என்று நினை.

பண்ணைக்கடல்:
நன்றி அண்ணைமார். மிதக்காமல் இறங்க இடுப்பில் கட்டும் ஈயம் எவ்வளவு? திருமலையில் 6 கிலோ கட்டினேன்.

ஸ்காபரோ சுழியோடி:
அந்தக் கணக்கு உதவாது. ஏரியில் உப்பில்லை, ஆளும் சாமானும் 100 கிலோ என்றால் இரண்டரைக் கிலோ குறையும். ஆனால் டிரைசூட்டும் உள்ளுடுப்பும் மிதக்கும், அதற்கு அதைவிடக் கூடப் போடவேண்டி வரும். கரையோரத்தில் இறங்கிச் சரிபார்த்துவிட்டு வள்ளத்தில் ஏறும். அங்குள்ள தேசியப் பூங்காவைப் பார்க்கும் பாக்ஸ் கனடாவில் பதியாமல் இறங்கவும் கூடாது. கடைசி டைவுக்கும் பிளேனுக்கும் இடையில் ஒரு முழுநாள் விடும்.

பண்ணைக்கடல்:
அப்போ சுவீப்ஸ்ரேக்ஸ்தான். முதல்நாள் முழுக்க டிரைசூட் பழகவே போகும் என்று அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் மீன்தூண்டிலோடு வருகிற ஆள், குறை சொல்லமாட்டார்.